அலெய்டா பூக்கும் வாரம்

எங்கள் ஹில்லேகோம் ஊரில் ஒருவரை எங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் வண்டி இருந்தால் போதாது, மனசு இருந்தாலும் போதாது. டைரியில் இடம் இருக்க வேண்டும். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் நாலு டைரிகளும் ஒரே மேஜைக்கு வர வேண்டும். கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது அதைவிடச் சுலபம். இதற்குத் தோதான சமயம், குடும்பத்தில் யாருக்காவது பிறந்த நாள் கொண்டாடும் ஞாயிற்றுக்கிழமைதான்.

அந்த ஜனவரி ஞாயிறு அலெய்டாவுக்கு எழுபதாவது பிறந்த நாள். கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தாள். வந்தவர்கள் அவளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, வட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும் போய், உங்க அக்காவுக்கு வாழ்த்து, உங்க அத்தைக்கு வாழ்த்து என்று வரிசையாகக் கைகுலுக்கினார்கள். ஆளுக்கு ஒரு காபி, ஒரு துண்டு கேக். இரண்டாவது துண்டை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அலெய்டா கொடுத்திருக்க மாட்டாள்.

ஜன்னலோர நாற்காலியில் அவளுடைய தம்பி நிக்கோ உட்கார்ந்திருந்தான். வயது அறுபத்து மூன்று. அந்த வயசுக்காரரை அவன் இவன் என்று சொல்லலாமா என்று யாராவது கோபித்துக்கொள்ளலாம். தலைக்கு மேல் ஓர் அக்கா இருக்கிறவனுக்கு எந்த ஊரிலும் வயது ஏறுவதில்லை. அவன் என்றே இருக்கட்டும்.

நிக்கோ காபியை மூன்று தடவை கலக்கினான். அவன் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. பக்கத்தில் இருந்த மனைவி மார்கா அவன் முழங்காலில் இடித்தாள்.

"அக்கா, இந்த வசந்தத்துல நாம எல்லாரும் சேர்ந்து லிஸ்ஸே தோட்டத்துக்குப் போயிட்டு வரலாமா?" என்றான்.

"எதுக்கு?"

அலெய்டா நாற்பது வருஷம் நீச்சல் டீச்சராக இருந்தவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம்தான் தண்ணீர் குடித்து நீச்சல் கற்றார்கள். குளத்தின் அந்தக் கோடியில் முங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் எட்டுகிற குரல். கூடத்திலும் அதே குரல்தான்.

"துலிப் பார்க்க."

"துலிப்பா? காசு குடுத்தா? டேய், உனக்கென்ன மூளை குழம்பிப்போச்சா? நீயும் நானும் பாக்காத துலிப்பா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர்கள் துலிப்காரர் வீட்டுப் பிள்ளைகள். பார்க்க வருகிறவனுக்குத்தான் துலிப் என்றால் பூ. பயிர் செய்கிறவனுக்குப் பூ ஒரு தொந்தரவு, சரக்கு மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு. பூத்த கையோடு தலைகளைக் கொய்து போட்டால்தான் கிழங்கு கொழுக்கும். அதற்கும் முன்னால் வரிசை வரிசையாக நடந்து நோய்ப்பூ தேட வேண்டும். வெள்ளைப் பூவில் சிவப்புக் கீற்று, சிவப்பில் மஞ்சள் கீற்று என்று கோடு விழுந்திருந்தால் அது நோய். பூச்சி அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோவதற்குள் கிழங்கோடு பிடுங்கிச் சாக்கில் போட வேண்டும். அப்பாவின் வயலில் அந்த வேலை பிள்ளைகளுடையது. பதினாலு வயது அலெய்டாவின் கண்ணுக்குத் தப்பிய நோய்ப்பூ அந்த வட்டாரத்தில் இருந்ததில்லை. இருபது வயதில் வயலை விட்டு வெளியேறினாள். அதற்கப்புறம் ஒரு துலிப்பைக்கூட வீட்டு ஜாடியில் வைத்தது கிடையாது. சைக்கிளில் இருபது நிமிஷத்தில் இருக்கும் தோட்டத்துக்குள் எழுபது வருஷத்தில் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களுக்கு அது சொர்க்கம். உள்ளூர்க்காரர்களுக்கு அது வருஷத்தில் எட்டு வாரம் ரோட்டை அடைக்கும் சங்கடம்.

ஆனால் நிக்கோவுக்கு அவள் வந்தே ஆக வேண்டும். காரணத்தைச் சொல்ல முடியாது. அதுதான் அவனுடைய சிக்கல்.

காரணம் இதுதான். அப்பாவின் நிலமெல்லாம் வீட்டு மனைகளாகிவிட்ட பிறகு, வீட்டுக்குப் பின்னால் மிஞ்சிய துண்டில் நிக்கோ துலிப் விதை போட்டான். கிழங்கு இல்லை, விதை. விதை முளைத்து முதல் பூ பூக்கவே ஐந்தாறு வருஷம். அதில் நல்லதைப் பொறுக்கி, ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கிப் பெருக்குவதற்குள் ஒரு ஆயுளில் பாதி போய்விடும். பகலில் லாரிகளுக்குப் பழுது பார்த்தான், சாயங்காலங்களில் மண்ணில் மண்டியிட்டான். இருபத்திரண்டு வருஷம். கடைசியில் ஒரே ஒரு வகை தேறியது. அதைப் பதிவு செய்தான். புது வகைகளுக்கென்று லிஸ்ஸே தோட்டத்தில் ஒரு பாத்தி கொடுத்தார்கள். போன அக்டோபரில் நானூறு கிழங்குகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். பாத்தியின் ஓரத்தில் குத்தியிருக்கும் சின்னப் பலகையில் அந்த வகையின் பெயர்: அலெய்டா.

எங்கள் பக்கத்தில் தன்னைப் பற்றித் தானே பெருமை பேசுவது திருட்டைவிடக் கேவலம். அதனால் அவன் மார்காவைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. முன்கூட்டியே சொன்னால் அலெய்டா, "யார்ரா உன்னைக் கேட்டா?" என்று வராமலே இருந்துவிடுவாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

ஏன் அந்தப் பெயர் என்றால், அதற்கும் ஒரு கதை. நிக்கோவுக்கு ஏழு வயதில், ஓர் ஏப்ரல் மாதம், நோய்ப்பூ தேடிக்கொண்டிருந்த அக்காவின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தவன் வயலோர வாய்க்காலில் விழுந்தான். எப்படி விழுந்தான் என்பது ஞாபகமில்லை. அலெய்டா சாக்கைப் போட்டுவிட்டு பூட்ஸோடு குதித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். அவளுக்கே அப்போது நீச்சல் தெரியாது. வீட்டில் இரண்டு பேருக்கும் சூடாகப் பால் கொடுத்தார்கள். பூட்ஸ் நனைந்ததற்கு அப்பா திட்டினார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. ஐம்பத்தாறு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நிக்கோ ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. முதல் வருஷம் சொல்லாமல் விட்டான், பத்தாம் வருஷம் கூச்சமாக இருந்தது, முப்பதாம் வருஷம் எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

அதனால்தான் பூ. ஆனால் அந்தப் பூ நின்றால் பத்து நாள்.

"சரி, டைரியை எடுங்க" என்றான் யோஸ். கடைக்குட்டித் தம்பி. ஸ்வோலே என்கிற ஊரில் இருக்கிறான், ஓய்வு பெற்றதிலிருந்து வேன் வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறான். "மார்ச் இருபத்தெட்டு. அன்னிக்கு நான் சும்மாதான் இருக்கேன்."

"அப்ப பூத்திருக்காது" என்றான் நிக்கோ.

"எது பூத்திருக்காது? அங்க எழுபது லட்சம் பூ இருக்குமாம்."

"இல்ல, பொதுவாச் சொன்னேன்."

"அப்ப மே ஒம்பது."

"அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

"நீ என்ன வானிலை ஆபீஸா?" என்றாள் அலெய்டா. அவளுடைய டைரியின் பக்கங்கள் மழைக்கால வானம் போல எங்கும் இடைவெளி இல்லாமல் இருந்தன. "திங்கக்கிழமை வயசானவங்க நீச்சல். செவ்வாய்க்கிழமை பேரன் நாள், அதுல கை வைக்க முடியாது. புதன் கோரஸ் பாட்டு. வெள்ளி சுத்தம் பண்ணணும்."

"உன்னைவிட வயசானவங்களுக்கு நீயா நீச்சல் சொல்லிக்குடுக்கறே?" என்றான் யோஸ்.

"உன்னைவிட நல்லா நீந்துவாங்க. ஏப்ரல் இருபத்தேழு குளம் லீவு, அன்னிக்கு?"

"ராஜா பிறந்த நாள்" என்றாள் மார்கா. "தெருவெல்லாம் பழைய சாமான் விக்கறவங்க. வெளியவே வர முடியாது, அண்ணி."

முக்கால் மணி நேரம் போனது. வட்டத்தில் இருந்த மற்றவர்கள் தங்களுடைய கேக் தட்டுகளை நாகரிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஏப்ரல் இருபத்து மூன்று, வியாழக்கிழமை, காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை என்று நாலு டைரிகளும் ஒத்துக்கொண்டன.

"ரெண்டரை மணி நேரம்" என்றாள் அலெய்டா. "அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது. பிறந்த நாளைக்கு எல்லாரும் சாக்ஸ் வாங்கித் தருவாங்க, எந்தம்பி எனக்குத் தண்டனை வாங்கித் தர்றான்."

நிக்கோ வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் விசில் அடித்தான். அவன் கணக்கு சரி: அலெய்டா என்கிற துலிப் ஏப்ரல் இருபதில் பூக்கும், முப்பது வரை நிற்கும்.

பூவிடம் டைரி இல்லை என்பதை அவன் மறந்துவிட்டான்.

மார்ச் மாதம் மே மாதம் போல வெயில் அடித்தது. ஊரே சட்டையைக் கழற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தது. நிக்கோ மட்டும் வானத்தைப் பார்த்துத் திட்டினான். தோட்டம் திறந்த நாளிலிருந்து தினமும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ப் பாத்தியைப் பார்த்துவிட்டு வந்தான். தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்க, வெளியூர்க்காரன் மாதிரி கழுத்தில் கேமரா மாட்டிக்கொண்டான்.

"உனக்கு ஒரு வப்பாட்டி இருந்தாக்கூட இவ்வளவு தடவை போகமாட்டே" என்றாள் மார்கா.

"மொட்டு வந்துடுச்சு மார்கா. மார்ச்லயே மொட்டு! பத்து நாள் முன்னாடி ஓடுது. இருபத்து மூணாம் தேதி போனா காம்புதான் நிக்கும்."

"அப்ப நாளை மாத்து."

குறித்த நாளை மாற்றுவதாவது! கடலைத் தள்ளி வைத்து நிலம் எடுத்த ஜனங்கள் நாங்கள், ஆனால் டைரியில் எழுதினதைத் தள்ளி வைக்க எங்களால் முடியாது. போனில் கேட்டால் அலெய்டா ஒரே நொடியில் முடியாது என்று சொல்லி வைத்துவிடுவாள். நேரில் போவதே வழி என்று நிக்கோ கிளம்பினான். பதற்றத்தில் அவன் கடிகாரம் பார்க்கவில்லை. அலெய்டா வீட்டு மணியை அடித்தபோது சரியாக ஆறு மணி.

ஆறு மணிக்கு, சொல்லிக்கொள்ளாமல், சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வீட்டுக்குப் போவதைவிடச் சட்டை போடாமல் சர்ச்சுக்குப் போகலாம்.

அலெய்டா கையில் முள்கரண்டியோடு கதவைத் திறந்தாள்.

"யார் செத்தா?"

"யாரும் சாகல."

"மணி ஆறு."

"தெரியும்க்கா."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே விட்டாள். மேஜையில் ஒருவருக்கு அளவான சாப்பாடு இருந்தது: மூன்று உருளைக்கிழங்கு, கொஞ்சம் பீன்ஸ், ஓர் இறைச்சி உருண்டை.

"அக்கா, தோட்டத்துக்கு இருபத்து மூணுக்குப் பதிலா பதினாலாம் தேதியே போயிடலாமா?"

"பதினாலு செவ்வாய்க்கிழமை. பேரன் நாள்."

"தெரியும். ஆனா இருபத்து மூணு வரைக்கும் தாங்காது."

"எது தாங்காது?"

நிக்கோ வாயைத் திறந்தான், மூடினான். அலெய்டா அவனையே பார்த்தாள். தோட்டத்துக்கு எல்லாரும் சேர்ந்து போகணும் என்று ஜனவரியில் திடீரென்று கேட்டது, இப்போது ஆறு மணிக்கு வந்து நிற்பது, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. அவள் எழுந்து இன்னொரு தட்டு எடுத்துவந்தாள். இறைச்சி உருண்டையைச் சரிபாதியாக வெட்டி, பெரிய பாதியை அவன் தட்டில் வைத்தாள். அப்போதுதான் விஷயம் விபரீதமாகப் போகிறது என்று நிக்கோவுக்கு உறைத்தது.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள்.

"ஒண்ணும் சொல்லல."

அது உண்மை. அவன் டாக்டரைப் பார்த்தே மூன்று வருஷமாகிறது. அலெய்டா தலையை ஆட்டினாள். டைரியை இழுத்தாள். ஏப்ரல் பதினாலு என்ற கட்டத்தில் சிவப்பு மையில் பேரன் பெயர் இருந்தது. அதன் குறுக்கே ஒரே கோடு போட்டாள்.

அந்த இடத்தில் அவன் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தவித்தான் என்பார்கள். நிக்கோ மென்றான். சொல்லத்தான் இல்லை.

வீட்டில் மார்கா காய்ச்சி எடுத்தாள். "நீ மனுஷனா? சாகப்போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கே!"

"நான் சொல்லவே இல்ல. அவளா நினைச்சுக்கிட்டா."

"இப்பவே போன் பண்ணு."

"பண்ணினா அந்தக் கோட்டை அழிச்சிட்டு பேரன் பேரைத் திருப்பி எழுதிடுவா. பூவைப் பார்த்த உடனே சொல்லிடறேன், மார்கா. சத்தியமா."

"நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன்" என்றாள் மார்கா. சொன்னால் செய்கிறவள்.

அலெய்டா விஷயத்தைச் சொல்லி, மறுநாள் காலை யோஸ் போன் செய்தான். பதினாலாம் தேதி பிரான்ஸில் இருக்க வேண்டியவன். "எனக்கு எந்த நாளும் வசதிதான்ணா" என்றான். குரல் பிசிறியது. அடுத்த ஞாயிறு கேட்காமல் கொள்ளாமல் வந்து நின்றான், கையில் ஒரு முழுக் கேக்கோடு. நிக்கோவுக்கு இரண்டாவது துண்டு வைத்தான். மூன்றாவதும் வைத்தான். திருடனுக்குத் தேள் கொட்டினது போல நிக்கோ முனகாமல் தின்றான்.

பதினாலாம் தேதி வானம் பளிச்சென்று இருந்தது. தோட்ட வாசலில் பஸ்கள் வரிசை கட்டி நின்றன. அலெய்டா ஒரு பையில் சீஸ் வைத்த ரொட்டியும் பிளாஸ்கில் காபியும் கொண்டுவந்திருந்தாள், உள்ளே விற்கிற காபியை வாங்குவது அவளுக்குப் பாவம். நிக்கோவைக் கண்டதும் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அவனைத் தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்து, பதில் தெரிந்ததும் நிக்கோ வெட்கப்பட்டான்.

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்று யோஸ் ஓடிவந்தான். வாசலில் இரவல் கொடுக்கும் சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"இது எதுக்கு?"

"உனக்குத்தாண்ணா."

"எனக்குக் கால் நல்லாத்தானே..."

"உட்காரு" என்றாள் அலெய்டா, குளத்தங்கரைக் குரலில். நிக்கோ உட்கார்ந்துவிட்டான். அந்தக் குரலுக்கு ஊரில் எவனும் நின்றுகொண்டிருந்ததில்லை. மார்கா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். பார்த்தவர்களுக்கு அது துக்கம் போல இருந்திருக்கும்.

ஊர்வலம் கிளம்பியது. மஞ்சள், ஊதா, கத்திரிப்பூ நிறம் என்று பாத்திகள் ஓடின. அலெய்டா எதையும் பார்க்கவில்லை. "காத்து படுதா? கம்பளி போத்தட்டுமா?" என்று பத்தடிக்கு ஒருமுறை குனிந்து கேட்டாள். நிக்கோவுக்கு உள்ளுக்குள் வெந்தது. இந்த அன்பை ஏமாற்றி வாங்கியிருக்கிறோமே என்று இருந்தது. கொஞ்சம் ருசியாகவும் இருந்தது.

"யோஸ், குளத்துக்கு அந்தப் பக்கம் விடு. புது வகை இருக்கற எடம்" என்றான்.

குளத்தைச் சுற்றி வரும்போது சக்கரம் சரளையில் மாட்டிக்கொண்டது. யோஸும் மார்காவும் அதை விடுவிக்கப் பார்த்தார்கள். அலெய்டாவுக்கு நிற்கப் பொறுமையில்லை, பத்து எட்டு முன்னால் போனாள். நிக்கோ அவள் முதுகையே பார்த்தான். இன்னும் நாலு எட்டு வைத்தால் பாத்தி. வெயில் சரியாக அதன் மேல் விழுந்திருந்தது. நானூறு பூக்களும் திறந்திருந்தன. பால் வெள்ளை இதழ், அடியிலிருந்து நுனி வரை சிவப்புக் கீற்று, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக. இருபத்திரண்டு வருஷத்தில் அவை இவ்வளவு அழகாக இருந்து அவன் பார்த்ததில்லை.

அலெய்டா நின்றாள்.

"அட அநியாயமே!" குளத்து வாத்துகள் எழும்பிப் பறந்தன. "பாத்தி முழுக்கச் சீக்கு! இவ்வளவு பேர் வர்ற எடத்துல ஒருத்தனுக்கும் கண்ணில்லையா?"

பையைக் கீழே போட்டாள். கயிற்றைத் தாண்டினாள். குனிந்து, காம்பை அடியில் பிடித்து ஒரு திருகு திருகி, கிழங்கோடு ஒன்றைப் பிடுங்கினாள். ஐம்பது வருஷம் கழித்தும் கை மறக்கவில்லை. இரண்டாவது. மூன்றாவது.

"அக்கா! வேணாம்!"

நிக்கோ சக்கர நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். பார்த்துக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள் மூச்சை இழுத்தார்கள். மடியில் இருந்த கம்பளி பறக்க, அவன் சரளையில் ஓடி, கயிற்றை ஒரே தாண்டாகத் தாண்டினான். யாரோ கை தட்டினார்கள். இன்னொருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அக்கா, அது சீக்கு இல்ல. அது அப்படித்தான். அந்தக் கீற்று அதோட பிறவிக் கீற்று!"

"எனக்கா சொல்லித் தர்றே? வெள்ளைல சிவப்பு விழுந்தா சீக்கு."

"இது என்னோடது. நான் வளர்த்தது."

அதற்குள் பச்சைக் கோட்டு போட்ட தோட்டக்காரப் பெண் ஒருத்தி கத்திக்கொண்டே ஓடிவந்தாள். "ஏம்மா, உங்களுக்கு அறிவிருக்கா? வெளிய வாங்க மொதல்ல!" கிட்டே வந்தவள் அப்படியே நின்றாள். "டீச்சர்?"

"லோட்டே, நீயா? இன்னும் மூச்சை அடக்கத் தெரியாமத்தான் ஓடறே" என்றாள் அலெய்டா, கையில் மூன்று துலிப்போடு.

யோஸ் பாத்தியின் ஓரத்தில் குனிந்து பலகையைப் படித்தான். ஒருமுறை மனசுக்குள், ஒருமுறை சத்தமாக. "அலெய்டா. வளர்த்தவர் நிக்கோ."

அலெய்டா பலகையைப் பார்த்தாள். கையில் இருந்த பூவைப் பார்த்தாள். பிறகு நிக்கோவின் கால்களைப் பார்த்தாள்.

"நீ ஓடினே."

"ஆமா."

"கயித்தைத் தாண்டினே."

"அக்கா, நான் டாக்டர்கிட்டயே போகல. எனக்கு ஒண்ணுமில்ல. பூ முன்னாடியே பூத்துடுச்சு, அதான் நாளை மாத்த வந்தேன். நீயா நினைச்சுக்கிட்டே. நான் சொல்லியிருக்கணும்."

மூன்று துலிப்பும் சேர்ந்து அவன் தோளில் விழுந்தன. மண் சிதறியது. "மூணு வாரம்! மூணு வாரமா நீச்சல் கண்ணாடிக்குள்ளயே அழுதிருக்கேன்டா, படுபாவி! வெளிய யாருக்கும் தெரியக்கூடாதுன்னு!" இன்னொரு அடி. "பேரனை ஏமாத்தி விட்டுட்டு வந்திருக்கேன்!"

நிக்கோ தடுக்கவில்லை. சட்டைக் காலரில் மண் இறங்கியது. ஒளிந்துகொள்ளப் பூவும் இனி இல்லை, அது அவன் தோளில் அடி வாங்கிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு வாய்க்கால்ல நீ குதிக்கலேன்னா நான் இல்லக்கா" என்றான். "அதைச் சொல்லணும்னுதான் இவ்வளவும். வாயால சொல்ல வரல. அதான் இதை வளர்த்தேன்."

அலெய்டாவின் கை அந்தரத்தில் நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

"பேரை மாத்து" என்றாள்.

"என்னது?"

"என் பேரை அதுலேர்ந்து எடு. உனக்குத் தெரியாதா? நான்தானே உன்னைத் தாண்டச் சொன்னேன்." அந்தப் பெரிய குரல் எங்கேயோ போய்விட்டது. "பின்னாடியே வந்து தொணதொணன்னுட்டிருந்தே. வேலை ஓடல. வாய்க்காலைத் தாண்டு பார்க்கலாம், நீ பெரிய ஆளுன்னு ஒத்துக்கறேன்னேன். உன்னால தாண்ட முடியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே சொன்னேன். நீ அதை ஒரு தடவைகூடப் பேசல. மனசுல வச்சிருக்கேன்னு நினைச்சேன். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் நீ வந்து உட்காரும்போது, இன்னிக்குக் கேட்டுடுவான், இன்னிக்குக் கேட்டுடுவான்னு ஐம்பத்தாறு வருஷம்."

நிக்கோ தேடிப் பார்த்தான். உண்மையிலேயே அவனிடம் அந்த ஞாபகம் இல்லை.

"எனக்கு அது எதுவும் ஞாபகமில்லக்கா. உன் கை மட்டுந்தான் ஞாபகம்."

அலெய்டா மூக்கை உறிஞ்சினாள். நீச்சல் கண்ணாடி இல்லாததால் எல்லாருக்கும் தெரிந்தது. யோஸ் குளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"முடியை ரொம்ப இழுத்துட்டேன்" என்றாள்.

"வலிச்சுது."

அவள் முதலில் சிரித்தாள், பிறகு அவன். நானூறு பூவுக்கு நடுவில், முழங்கால் வரை மண்ணோடு, இரண்டு கிழடுகள் நின்று சிரிப்பதை வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

"பேரை மாத்த முடியாது. பதிவாயிடுச்சு" என்றான் நிக்கோ.

அலெய்டா மண்டியிட்டு, பிடுங்கிய குழிகளைக் கையாலேயே ஆழப்படுத்தி, மூன்று கிழங்குகளையும் திரும்ப நட்டு மண்ணை அமுக்கினாள். "லோட்டே, தண்ணி!" என்றாள். லோட்டே ஓடினாள். அடி வாங்கின மூன்று பூக்களும் தலை தொங்கி, ஓர் இதழ் இரண்டு இதழ் குறைந்து நின்றன.

வெள்ளை முடி வைத்த வெளிநாட்டுக்கார அம்மா ஒருத்தி கயிற்றோரம் வந்தாள். பலகையைக் காட்டி, இதை எப்படிச் சொல்வது என்று சைகையில் கேட்டாள். "அலி...? அலை...?"

அலெய்டா எழுந்தாள். "அ-லெய்-டா. வாயை நல்லாத் திற. இன்னொரு தடவை."

மூன்றாவது தடவையில் அந்த அம்மா சரியாகச் சொல்லிவிட்டாள். அலெய்டா தலையாட்டி, மண் கையால் தன் நெஞ்சில் தட்டிக் காட்டினாள்.

"நான்தான்" என்றாள். "எந்தம்பி வளர்த்தது."

அந்த அம்மா பூவைப் பார்த்தாள், அலெய்டாவைப் பார்த்தாள், கேமராவைத் தூக்கினாள். அலெய்டா நகரவில்லை. கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, பாத்திக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள்.